இரண்டு அமுக்கு

அமெச்சூர் வானொலி உரிமம் கிடைத்து, கையகல வயர்லெஸ் செட்டும் கைக்கு வந்த அன்றைக்கு எல்லோரும் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான்: பக்கவாட்டில் இருக்கிற பொத்தானை அமுக்குவது. நீங்களும் அமுக்கியிருப்பீர்கள். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை, மொட்டை மாடியில் நின்று ஒரு தடவை. இடுப்பில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போய், பந்தியில் பக்கத்து இலைக்காரர் "சார் போலீஸா?" என்று கேட்க வேண்டும் என்பதற்காகவே இன்னொரு தடவை. வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அந்த வழியாக வந்தவன்தான்.

மழைக்காலம் வருகிறது. இந்தத் தடவை வெள்ள நிவாரண முகாம்களில் செட்டோடு நிற்கப்போவது நீங்கள். என் முழங்கால் ஒத்துழைக்காததால் நான் வீட்டு மாடியில் உட்கார்ந்து உங்களைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். சோறு போட்டது கம்பி. கம்பியில்லாத இந்த வேலை சம்பளம் இல்லாமலே என்னைப் பிடித்துக்கொண்டது. ஆன்டெனா, அலைவரிசை, பேட்டரிக் கணக்கெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேர்வுக்குப் படித்தது இன்னும் மறந்திருக்காது. புத்தகத்தில் இல்லாத ஒன்றிரண்டைச் சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன்.

அதிலும் முதல் பாடம் என்னுடையது அல்ல, என் மனைவியுடையது. அவளை நீங்கள் கேட்டதில்லை. உங்கள்மேல் எனக்கு இருக்கிற ஒரே பரிதாபம் அதுதான்.

நாகர்கோவிலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வரிசையாக வரும் குரல்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிற வேலை. எல்லாம் தானியங்கியாகி அவளை பில் பகுதிக்கு மாற்றியபோது, "குரலே இல்லாத ஆபீஸ்ல என்னத்துக்கு இருக்கணும்?" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எங்கிருந்தோ அமெச்சூர் வானொலித் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்தாள். அவள் பாஸாகிவிட்டு, "உங்களுக்கு இது வராது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் படித்தேன்.

அவள் அழைப்புக்குறி 'எல்' எழுத்தில் முடியும். எழுத்துக்களை உச்சரிக்கும் நம் வழக்கப்படி அது 'லீமா'. குழுவில் எல்லோருக்கும் அவள் லீமா அக்காதான். வயல்காட்டு ஊரில் பிறந்து, நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல்படி தாண்டாதவளை, கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் பெயரை வைத்துக் கிறிஸ்தவப் பெண் என்று நம்பி சர்ச் திருவிழாவுக்குக் கூப்பிட்டார். அவளும் தேங்காய்ப்பழத்தட்டு இல்லாமல் போகக்கூடாதென்று அதையும் எடுத்துக்கொண்டு போய் வந்தாள். என் அழைப்புக்குறி 'ஆர்' எழுத்தில் முடிகிறது. அது 'ரோமியோ'. வீட்டில் நான் அவளுக்கு "இஞ்ச பாருங்க", அவள் எனக்கு "ஏட்டி". செட்டைக் கையில் எடுத்தால் லீமா, ரோமியோ. வேறு எந்தப் பெயரும் அலைவரிசையில் கூடாது என்பதில் அவள் கறார். தலையில் முடி கொட்டிப்போன லைன் இன்ஸ்பெக்டரை அவள் "ரோமியோ, லீமா கேக்கேன்" என்று கூப்பிடும்போதெல்லாம், அவளுடைய தம்பி தாணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

இப்போது அந்தப் பாடத்துக்கு வருகிறேன். கருங்கல் ஊர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், செட்டை ஒரு பைக்குள் போட்டு ஸ்கூட்டரில் தொங்கவிட்டு, மேலே வாழைக்குலையை வைத்துவிட்டார். குலை பொத்தானை அமுக்கிக்கொண்டது. காலை நேரம், எங்கள் குழு அலைவரிசையில் கூடிப் பேச வேண்டிய நேரம். அதில் யாரும் வாய் திறக்க முடியவில்லை. மாவட்டம் முழுக்க அவர் பாட்டு. பாட்டு முடிந்து டீக்கடையில் இறங்கினார். அங்கே யாரிடமோ என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "அந்த லைன் இன்ஸ்பெக்டரு இருக்காருல்லா, அவருக்கு அலைவரிசையும் அவரு நட்ட போஸ்ட்டுன்னு நெனப்பு. யாரும் சாரக்கூடாது!"

நான் செட்டை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கோபத்தில் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அடுக்களையிலிருந்து அவள் வந்து பார்த்துச் சிரித்தாள்.

"அவருக்கு எப்பிடி கேக்கும்? அமுக்குனவன் செவிடம்லா."

சொல்லிவிட்டு செல்போனில் அவரைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, குலைய இறக்கி வையுங்க. பாட்டு நல்லாருந்து" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதி செட்டின் முதுகில் ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தக் கருவியில் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாது. நீங்கள் அமுக்கியிருக்கும் நேரமெல்லாம் உலகத்தில் என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பயம் வரும்போது கை தானாகப் பொத்தானுக்குப் போகும். பயம் வரும்போதுதான் கையை எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் அவளிடம் கற்றது. நம் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. "என் சிக்னல் எப்படி?" என்று யாராவது கேட்டால், கேட்கிறதோ இல்லையோ, "ஃபைவ் நைன், பிரமாதம்" என்று முழு மார்க் போட்டுவிடுவோம். கல்யாண வீட்டில் பாயசம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஒரு மரியாதை. அவள் மட்டும் அப்படிச் சொல்ல மாட்டாள்.

வெயில் காலத்தில் காற்று அடங்கிய சாயங்காலங்களில் நாங்கள் வட்டக்கோட்டைக்குப் போவதுண்டு. கோட்டை மதில்மேல் நின்றால் சில நாள், சில நிமிஷம், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். கையகலச் செட்டுக்கு எட்டவே கூடாத தூரம். கடலுக்கு மேலே காற்று ஏதோ ஒரு பாதை போட்டுக் கொடுக்கிறது. ஒரு நாள் அப்படி ஒருவர் வந்தார். இலங்கைத் தமிழ்.

"என்ட குரல் உங்களுக்குத் தெளிவா விளங்குதோ?"

நான் பக்கத்தில் நின்று, "ஃபைவ் நைன்னு சொல்லு, மனுஷன் சந்தோஷப்படட்டும்" என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இல்ல அண்ணா. பாதி வார்த்தை விழுகு. ஆனா விழாத பாதி நல்லாருக்கு," என்றாள்.

அந்த மனிதர் சிரித்தார். நன்றி சொன்னார். அடுத்த வாக்கியத்தின் நடுவில் காற்று பாதையை மூடிவிட்டது. நான் திரும்பக் கூப்பிடச் சொன்னேன். "கேட்டாச்சில்லா, போதும்" என்று செட்டை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டுகிற வரைக்கும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் போனோம். அவர் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் போவதில் அவளுக்கு ஒரு சுகம். அது என்ன சுகம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது.

செட்டில் இவ்வளவு நேர்மையாக இருப்பவள் வீட்டில் எப்படி என்று கேட்டால், நேர் எதிர். காய்ச்சலில் உடம்பு கொதித்துக்கொண்டிருக்கும். "என்னட்டி செய்யுது?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். கால் பிசகி வீங்கியிருக்கும், "ஒண்ணுமில்ல." பிரஷர் கூடி தலை சுற்றி அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அப்போதும் "நல்லாத்தான் இருக்கேன், நீங்க போங்க." நம் ஊர்ப் பெண்கள் பாதிப் பேரும் இப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வித்தியாசத்தை ஞாபகத்தில் வையுங்கள். ஒரு நாள் எனக்கு அது மட்டுமே கையில் இருந்தது.

எங்களுக்குள் ஒரு சின்ன வழக்கமும் இருந்தது. மழை நாளில் நான் லைன் வேலைக்குப் போவேன். வேலை முடித்து கம்பத்திலிருந்து இறங்கியதும், பேசாமல், பொத்தானை இரண்டு தடவை மட்டும் அமுக்குவேன். வீட்டில் அவள் செட்டில் 'க்ஷ்... க்ஷ்' என்று இரண்டு சின்னச் சத்தம் கேட்கும். இறங்கியாச்சு, உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். அவளும் இரண்டு அமுக்குவாள். சரி, சோறு வைக்கிறேன் என்று அர்த்தம். அழைப்புக்குறி சொல்லாமல் அமுக்குவது விதிப்படி தப்பு. நீங்கள் விதியைப் பின்பற்றுங்கள்.

ஒரு வருஷம் மழை விடாமல் பெய்து, குளங்களெல்லாம் நிறைந்து, மறுகால் பாய்ந்து, வயல்பத்தும் ரோடும் ஒன்றாகிவிட்டன. தாழ்வான தெருக்களில் இருந்த ஜனங்களைக் காலையிலேயே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர்களோடு செட்டை எடுத்துக்கொண்டு அவளும் போனாள். அது அவள் படித்த பள்ளிக்கூடம். நான் மேட்டில் இருந்த கல்யாண மண்டபத்தில். தாசில்தார் அம்மாவும் அங்கேதான் இருந்தார். கரண்ட் போய், கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்தப் பகுதிக்கு வாயும் காதும் எங்கள் செட்டுகள்தான்.

மதியத்துக்கு மேல் அவள் குரல் வந்தது. "ரோமியோ, லீமா பேசுதேன். சானல் கரை உடைஞ்சிட்டு. தண்ணி கீழ்க் கிளாஸுக்குள்ள வருகு. எல்லாரையும் மாடிக்கு ஏத்துதோம்."

அப்புறம் சத்தமே இல்லை.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். மூச்சு விடாமல் கூப்பிட்டேன். லீமா, லீமா, ரோமியோ கூப்பிடுதேன், கேக்கா, கேக்கா. கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்குப் பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றேன். தாணு என் தோளைத் தட்டி, "அத்தான், கொஞ்சம் விடும்" என்றான். விட்டேன். விட்ட மறுநிமிஷம் அவள் குரல், எரிச்சலோடு வந்தது.

"எத்தன தடவ சொல்லணும்? அமுக்குனவன் செவிடன். நான் எவ்வளவு நேரமா கூப்பிடுதேன்!"

அந்த ஈர மண்டபத்தில் தாசில்தார் அம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

ஆனால் அவள் அடுத்துச் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. படியேறும்போது இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடிக்க வேண்டியிருந்ததால் பையைக் கீழேயே விட்டுவிட்டாள். மாற்று பேட்டரி அதற்குள். கையில் இருக்கிற பேட்டரியும் சாகப்போகிறது. "பேசுனா சட்டுனு போயிரும். கேட்டுட்டு மட்டும் இருந்தா தாங்கும். இனி நான் பேச மாட்டேன். நீங்க கேளுங்க, நான் அமுக்குதேன். ரெண்டுன்னா ஆமா. ஒண்ணுன்னா இல்ல." அதோடு குரல் நின்றது.

குழுவில் எல்லோரிடமும் அலைவரிசையை விட்டு விலகி நிற்கச் சொன்னேன். கருங்கல் அண்ணாச்சி உட்பட ஒருவரும் மூச்சுவிடவில்லை. அந்த ஒழுக்கத்துக்காக இன்றைக்கும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சாயங்காலம் கடற்கரையிலிருந்து ஒரு டெம்போவில் ஃபைபர் வள்ளம் வந்து இறங்கியது. கொண்டுவந்தவர் பெயர் மரியதாசன். தண்ணீரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், தாசில்தார் அம்மாவிடம் வந்தார்.

"வெளிச்சம் இருக்கும்பம் ஒரு போக்கு போயிட்டு வரலாம். இருட்டுன பொறவு நான் எறக்க மாட்டேன். கடல்னா எனக்கு தெரியும். இது வயலு. வேலி எங்கன கெடக்கு, கெணறு எங்கன கெடக்குன்னு ஆருக்கு தெரியும்?"

ஒரு போக்கு என்றால் ஒரு இடம். போக வேண்டிய இடமோ இரண்டு. ஒன்று பள்ளிக்கூடம்: மாடி நிறைய ஜனம், பழைய கட்டடம், அவள். இன்னொன்று பாசனக் கால்வாயான அந்தச் சானலுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இருந்த சில ஓட்டு வீடுகள். அங்கே செட் இல்லை, செய்தி இல்லை. மதியம் நீந்தி வந்த ஒருவர், சிலர் வரவில்லை என்று மட்டும் சொன்னார். மேடான பக்கமாக நடந்து வெளியேறியிருக்கலாம், உள்ளேயே மாட்டியிருக்கலாம். ஆளில்லாத தோப்புக்கு வள்ளம் போனால் அந்த ஒரு போக்கும் வீண். ஆள் இருக்கிற தோப்புக்குப் போகாவிட்டால் அதைச் சொல்லவே வேண்டாம்.

தாணு என் கையைப் பிடித்தான். "அத்தான், பள்ளிக்கூடத்துக்கு விடச் சொல்லும். அக்கா அங்க இருக்கா. அங்கதான் ஆளும் கூட."

"அக்கா இருக்கான்னு சொல்லி விட முடியுமாலே?"

"ஆளு கூடன்னு சொல்லும். அதும் உண்மைதானே!"

அவன் சொன்னதில் தப்பில்லை. தாசில்தார் அம்மா என்னைப் பார்த்து, "சார், அங்க இருக்கிற ஆள் உங்க ஆள். கேட்டுச் சொல்லுங்க. நீங்க சொல்றதை வச்சுதான் நான் முடிவு எடுக்கணும்" என்றார். எல்லோரும் என்னைச் சுற்றி நின்றார்கள். நான் செட்டை வாய்க்கு அருகே கொண்டுபோய், மனதில் முதலில் இருந்ததைக் கேட்டேன்.

"லீமா, ரோமியோ. நல்லாருக்கியா?"

விட்ட உடனே, இடைவெளியே இல்லாமல், க்ஷ் க்ஷ். இரண்டு.

"நல்லாருக்காங்க, பிறகென்ன, தோப்புக்கு விடலாம்" என்றார் யாரோ. தாணு முகம் செத்துப்போனது. நான் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினேன். அந்த வேகம்தான் எனக்கு உதைத்தது. யோசிக்காமல் வருகிற பதில். அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சொல்கிற பதில். வீட்டுக் கேள்வி கேட்டேன், வீட்டுப் பதில் வந்தது. அது செட்டில் வந்திருந்தாலும் லீமா சொன்ன பதில் இல்லை.

செட்டை எடுத்து மறுபடி கேட்டேன். இந்தத் தடவை லைன் இன்ஸ்பெக்டர் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"கீழ்க் கிளாஸ் கரும்பலகைய தண்ணி தொட்டாச்சா?"

சத்தம் இல்லை. வெகுநேரம் சத்தம் இல்லை. தாணு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். என் கட்டைவிரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. விரலை மடக்கிக்கொண்டேன். அவள் பார்க்கப் போயிருக்கிறாள். படிக்கட்டில் இறங்கி, குனிந்து, பார்த்துவிட்டு வர வேண்டும். உண்மை வர நேரம் ஆகும்.

க்ஷ். ஒன்று. தொடவில்லை.

"மாடிச் சுவருல புதுசா விரிசல் உண்டா?"

மறுபடி காத்திருப்பு. ஒன்று.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அந்த மாடியின் கிழக்குப்புறத்து ஜன்னலில் நின்றால் தோப்பு தெரியும். சின்னப்பிள்ளையில் வாத்தியாரைப் பார்க்காமல் அந்த ஜன்னல் வழியாகத் தென்னை ஏறுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்து அடிவாங்கிய கதையை அவள் எனக்குப் பலதடவை சொல்லியிருக்கிறாள்.

"தோப்பு வீடு தெரியுதா?"

இரண்டு.

"கூரையில ஆளு உண்டா?"

இரண்டு.

"கூரை நேரா நிக்கா?"

இதற்குத்தான் ரொம்ப நேரம் எடுத்தாள். பார்த்து, சந்தேகப்பட்டு, திரும்பப் பார்த்திருக்க வேண்டும். ஒன்று. பேட்டரி தீர்ந்துகொண்டிருந்ததால் அந்தச் சத்தம் மெலிந்து, பாதியில் அறுந்த மாதிரி வந்தது.

தாசில்தார் அம்மா மரியதாசனிடம் திரும்பினார். அவர் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கியிருந்தார். நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒரு கேள்விக்குப் பேட்டரி இருக்கும் என்று தோன்றியது. கேட்டேன்.

"மாத்திரை கையில இருக்கா?"

ஒன்று.

தாணு கத்திவிட்டான். "அத்தான்! பிரஷர் மாத்திர இல்லாம அவ ராத்திரி பூரா எப்பிடி இருப்பா? வள்ளத்த திருப்பச் சொல்லும்!" மரியதாசன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கையைத் தோப்புப் பக்கம் காட்டினேன். அவர் போய்விட்டார்.

'இருக்கு' என்று அவள் இரண்டு அமுக்கியிருக்கலாம். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அமுக்கவில்லை. பார்த்ததைச் சொல் என்று கேட்டால் அவள் பார்த்ததைத்தான் சொல்வாள், தன் விஷயமாக இருந்தாலும். கடல் தாண்டி வந்த குரலுக்கே பொய் சொல்லாதவள். அதனால்தான் கூரையைப் பற்றி அவள் சொன்னதை நம்பி என்னால் கையைக் காட்ட முடிந்தது.

வெளிச்சம் போவதற்குள் வள்ளம் திரும்பி வந்தது. தோப்பிலிருந்து வயசான தம்பதியும் அவர்கள் மகளும் மகளின் பிள்ளைகளும். கூரையின் ஒரு பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டதென்று மரியதாசன் சொன்னார். அந்தப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

அந்த ராத்திரியைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். நான் அவளைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால் அமுக்குவாள், அமுக்கினால் மிச்சமிருக்கும் கொஞ்சமும் போகும். செட்டை மடியில் வைத்துக்கொண்டு விரலைத் தள்ளி வைத்திருந்தேன். இந்த வேலையில் நான் செய்த மிகக் கடினமான காரியம் அதுதான். தாணு என்னோடு பேசவில்லை. ஆனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

விடிந்ததும் வள்ளம் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போய் வந்தது. கடைசிப் போக்கில்தான் அவள் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, நடை தள்ளாடியது. தாணு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான். என்னிடம் வந்ததும் முதல் வார்த்தை:

"எனக்க மாத்திரை விஷயத்த ஊரு பூரா கேக்கும்படி எதுக்கு கேட்டேள்?"

"உண்மைய சொல்லுதியான்னு பாத்தேன்."

"கரும்பலகை கேள்வி நல்லாருந்து. முத கேள்விதான் சரியில்ல" என்றாள். வாழ்நாளில் அவள் எனக்குக் கொடுத்த ஒரே நல்ல சிக்னல் ரிப்போர்ட் அது.

ஆகவே, மக்களே, முகாமில் நிற்கும்போது மறுமுனையில் இருப்பவரிடம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்காதீர்கள். நம் ஜனம் அந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. தண்ணீர் எதைத் தொட்டது, கதவு திறக்கிறதா, பிள்ளை சாப்பிட்டதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு விரலை எடுங்கள். பதில் தாமதமானால் பயப்பட வேண்டாம். யாரோ உண்மையைப் பார்த்துவர நடந்துகொண்டிருக்கிறார்கள்.

அதற்கப்புறம் இன்னொரு மழைக்காலம் சேர்ந்து பார்த்தோம். பிறகு அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. வழக்கம்போல "ஒண்ணுமில்ல" என்றாள். நாங்கள் நாகர்கோவிலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அது ஒண்ணுமில்லாத நிலையைத் தாண்டியிருந்தது. மூச்சுக்கு வாய்வழியாகக் குழாய் வைத்துவிட்டார்கள். எக்ஸ்சேஞ்சில் அத்தனை குரல்களைச் சேர்த்துவிட்டவளுக்குக் குரல் இல்லை.

மதியம் உள்ளே விட்டார்கள். "கொஞ்ச நேரந்தான் அப்பா" என்றாள் நர்ஸ். படுக்கையில் கிடந்தவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் அவள் கைக்குள் என் விரலைக் கொடுத்தேன். ரெண்டுன்னா ஆமா, ஒண்ணுன்னா இல்ல என்று எங்கள் இருவரில் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, அதற்குத் தேவையும் இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள் எனக்குத் தெரியும். வலிக்கா? மூச்சு முட்டுதா? தாகமா இருக்கா? ஒவ்வொன்றுக்கும் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். அந்த உண்மைகளைக் காலையிலேயே டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். இனி எனக்குப் புதிதாக உண்மை எதுவும் வேண்டியிருக்கவில்லை. குனிந்து, ஊருக்கெல்லாம் கேட்காதே என்று சொல்கிற அந்த ஒரு கேள்வியைக் கேட்டேன்.

"ஏட்டி, நல்லாருக்கியா?"

இடைவெளியே இல்லை. பள்ளிக்கூட மாடியிலிருந்து வந்த அதே வேகம். என் விரலை இரண்டு தடவை அமுக்கினாள்.

அவள் செட் என்னிடம்தான் இருக்கிறது. தவறாமல் சார்ஜ் போடுகிறேன். உங்களில் யாருக்கும் அதைத் தரப்போவதில்லை, கேட்காதீர்கள். வெயில் காலச் சாயங்காலங்களில் அதை எடுத்துக்கொண்டு வட்டக்கோட்டைக்குப் போகிறேன். முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது, தாணு கூட்டிப்போகிறான். மதிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அமுக்குவதில்லை. ஏங்கி ஏங்கி உட்கார்ந்திருப்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது. அவளுக்கு அது எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது.

மழையில் செட்டோடு நிற்கும்போது அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள். வேலை முடிந்து, செட்டை ஆணியில் மாட்டிவிட்டு, வீட்டுக்குள் போனதும் கேளுங்கள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று பொய் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.